நெஞ்சில் முறியும் நெட்டி: சத்தம் ஏன், வலி ஏன்?

சிங்கப்பூரில் சமையலறைச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காயப்போட்டவர்களுக்கு அந்த அசைவு நன்றாகத் தெரியும். கழி முழுக்க ஈரத்துணி. உடம்பு சன்னல் விளிம்பில் சாய்ந்திருக்கும். ஒரு கை முன்னால் எட்டிப் பிடிக்க, மறு கை பின்னாலிருந்து தூக்கிக்கொடுக்கும். சுவரில் இருக்கும் குழாய்க்குள் கழியின் நுனியைச் செருகத் தோளைக் கொஞ்சம் திருப்பியாக வேண்டும். ஏழு வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்படித் திருப்பியபோது என் நெஞ்சின் நடுவில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கே கேட்டது.

“என்னய்யா அது?”

“தெரியலம்மா. நெஞ்சுல ஏதோ முறிஞ்ச மாதிரி இருக்கு.”

“வாய்வுதான். கோடாலித் தைலம் தேச்சுட்டுச் சித்த நேரம் படு.”

தைலம் தேய்த்தேன், படுத்தேன். அன்று இரவு புரண்டு படுக்கும்போது சுருக்கென்று ஒரு வலி. நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் விரலை வைத்தால் சரியாக ஒரே இடத்தில் வலித்தது. தூங்கவில்லை. இதயமாக இருக்குமோ என்ற பயத்திலேயே விடிந்தது. பரிசோதனையில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. ஆனால் அந்தச் சத்தமும் வலியும் அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கின்றன. அலுவலகத்திலும் கோயில் அன்னதான வரிசையிலும் இதைச் சொன்னால், “எனக்கும் அப்படித்தான்” என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்கிறார். சொல்பவர்களில் பாதிப் பேர் அதை வாய்வு என்று நம்புகிறார்கள். மீதிப் பேர் மாரடைப்பு வரப்போகிறது என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரு முழுச் சுவர் இருக்கிறது என்பதை யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நான் மருத்துவர் இல்லை. ஏழு வருடமாக மருத்துவர்களிடம் கேட்டும் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை, புதிதாகப் பயந்துபோயிருக்கும் ஒருவருக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

முதலில் சுவரைப் பார்ப்போம்

நம் மொழியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ‘நெஞ்சு’ என்றால் உடம்பின் ஒரு பகுதி. ‘நெஞ்சு’ என்றால் மனமும்தான். ‘நெஞ்சு வலி’ என்று ஒருவர் சொன்ன மாத்திரத்தில் கேட்பவர் முகம் மாறிவிடுகிறது. கையிலோ காலிலோ சுளுக்கு வந்தால் யாரும் அப்படிப் பயப்படுவதில்லை. ஆனால் நெஞ்சிலும் மூட்டுகள் இருக்கின்றன, அவையும் சுளுக்கிக்கொள்ளும்.

வீவக எனப்படும் அரசாங்க அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்கள் ஒரு சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். நடு இரவில் மேல்மாடியில் யாரோ கோலிக்குண்டைத் தரையில் போட்டு உருட்டுவது போல இருக்கும். மேல்வீட்டில் ஆளே குடியில்லாத காலத்திலும் கேட்கும். கட்டடத்துக்குள் எங்கிருந்தோ வரும் சத்தத்தை நம் காது மேல்வீட்டுக்காரர் தலையில் போட்டுவிடுகிறது. நெஞ்சிலும் இதேதான் நடக்கிறது. சுவரில் எழும் சத்தத்தை நாம் உள்ளே குடியிருக்கும் இதயத்தின் மேல் போடுகிறோம்.

சுவர் எதனால் ஆனது? தேக்கா மார்க்கெட்டில் ஆட்டிறைச்சிக் கடையில் சூப்புக்கு நெஞ்செலும்பு வாங்கியிருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். விலா எலும்பின் நுனியில், வெள்ளையாக, வெந்த பிறகு பல்லால் கடித்தால் நறுக்கென்று உடையும் ஒரு பகுதி வரும். என் மகள் சூப்பில் அதைத்தான் முதலில் தேடுவாள். அதன் பெயர் குருத்தெலும்பு. எலும்பைப் போல விறைப்பாக இல்லாமல், தசையைப் போல மெத்தென்றும் இல்லாமல், கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பொருள் அது. நம் நெஞ்சிலும் விலா எலும்பின் முன் நுனியில் இதேபோலக் குருத்தெலும்பு இருக்கிறது.

நெஞ்சின் நடுவில் கழுத்துப்பட்டை தொங்குவது போல இருக்கும் தட்டையான எலும்புதான் மார்பெலும்பு. விலா எலும்புகள் இரு பக்கமும் 12 ஜோடி. அவற்றில் மேலே உள்ள 7 ஜோடி குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்பில் வந்து சேர்கின்றன. அடுத்த 3 ஜோடி நேராக வந்து சேராமல், மேலே உள்ள குருத்தெலும்போடு ஒட்டிக்கொள்கின்றன. கடைசி 2 ஜோடிக்கு முன்னால் பிடிமானமே கிடையாது. எலும்பும் குருத்தெலும்பும் சேரும் இடம் ஒரு இணைப்பு, குருத்தெலும்பு மார்பெலும்பைத் தொடும் இடம் இன்னொன்று, கழுத்துக்குக் கீழே காறை எலும்புகள் வந்து சேரும் இடம் வேறு. எல்லாம் சேர்த்தால் முன்பக்கத்தில் மட்டும் 30-க்கு மேல் இணைப்புகள் உண்டு. தொண்டைக் குழியிலிருந்து விரலை மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள். மூன்று நான்கு விரற்கடைக்குள் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். மார்பெலும்பின் மேல் துண்டும் நடுத்துண்டும் சேரும் இடம் அது. இரண்டாவது விலா எலும்பும் அங்கேதான் வந்து சேர்கிறது. நெட்டி முறிவதாகச் சொல்பவர்களில் நிறையப் பேர் தொட்டுக் காட்டும் இடம் அந்த மேட்டின் அக்கம்பக்கம்தான்.

இத்தனை இணைப்பு எதற்கு? மூச்சுக்குத்தான். தண்ணீர் வாளியின் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி வாளியின் ஓரத்தில் படுத்துக் கிடக்கிறது. தூக்கினால் மேலேயும் வெளியேயும் எழுகிறது. மூச்சை இழுக்கும்போது ஒவ்வொரு விலா எலும்பும் அப்படித்தான் எழுகிறது, விடும்போது படுக்கிறது. எழுந்து படுக்க வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் அசையக்கூடிய கொக்கி வேண்டும். முன் முனையில் அந்த வேலையைக் குருத்தெலும்பும் இந்த மூட்டுகளும் செய்கின்றன, பின் முனையில் முதுகெலும்போடு சேரும் மூட்டுகள் செய்கின்றன.

நிமிடத்துக்கு 15 மூச்சு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 21,600. நம் பெரியவர்கள் இதே எண்ணைத்தான் சொல்லிவந்தார்கள். தில்லைப் பொன்னம்பலத்தின் கூரையில் 21,600 பொன் ஓடுகள் என்றும் அவை ஒரு நாளின் மூச்சைக் குறிப்பவை என்றும் சொல்வார்கள். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு வலி ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை என்ற கேள்விக்கு இது மறுபடி தேவைப்படும்.

இதுவரை பார்த்தது: நெஞ்சுக்கூடு ஒரே கட்டியான எலும்பு அல்ல. வளையும் குருத்தெலும்பும் பல சிறு மூட்டுகளும் சேர்ந்த கூடை அது. நாள் முழுக்க அசைந்துகொண்டே இருக்கிறது. அசையும் இடத்தில் சத்தமும் வரலாம், சுளுக்கும் வரலாம்.

‘டக்’ என்ற சத்தம் எப்படி வருகிறது?

விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதும் நெஞ்சில் வருவதும் பெரும்பாலும் ஒரே வகைதான். பலரும் எலும்போடு எலும்பு மோதுவதால் சத்தம் வருகிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

மூடிய சோடா பாட்டிலைப் பாருங்கள். உள்ளே வாயு கரைந்திருக்கிறது, ஆனால் குமிழ் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மூடியைத் திறந்ததும் அழுத்தம் குறைகிறது, கரைந்திருந்த வாயு குமிழாக வெளியே வருகிறது. மூட்டுகளுக்குள்ளும் எண்ணெய் போட்டது போல வழவழப்பான ஒரு நீர் இருக்கிறது. அதை மூட்டுத் திரவம் என்பார்கள். அதிலும் வாயு கரைந்திருக்கிறது. மூட்டை இழுக்கும்போது உள்ளே இடம் சட்டென்று விரிகிறது, அழுத்தம் குறைகிறது, குமிழ் உண்டாகிறது. சத்தம் அந்தக் கணத்தில் பிறக்கிறது.

2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒருவரின் விரல்களை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் வைத்து, ஒவ்வொரு விரலாக இழுத்து, நெட்டி முறிவதைப் படமாக எடுத்தார்கள். சத்தம் வந்த நேரத்தில் மூட்டுக்குள் ஒரு வெற்றிடம் திறப்பது தெரிந்தது. குமிழ் உண்டாகும்போது சத்தம் வருகிறதா, உண்டான குமிழ் பாதி சுருங்கும்போது வருகிறதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நமக்கு அந்தச் சண்டை வேண்டாம். குமிழ்தான் காரணம் என்பதில் இரு தரப்பும் ஒன்று. ஆய்வு விரலில் நடந்தது. மார்பெலும்பின் ஓரத்து மூட்டுகள் பலவற்றிலும் அதே திரவம் இருப்பதால் அந்த விளக்கம் இங்கேயும் பொருந்துகிறது.

ஒரு விரலில் நெட்டி முறித்துவிட்டு உடனே மறுபடி இழுத்தால் சத்தம் வராது. வாயு திரும்பக் கரைய ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும். நெஞ்சிலும் உங்களுக்கு அப்படித்தான் என்றால், அதாவது ஒருமுறை ‘டக்’ என்றால் பிறகு கொஞ்ச நேரத்துக்கு வராது என்றால், அது அநேகமாக இந்தக் குமிழ்ச் சத்தம். கையை அசைக்கும்போதெல்லாம், உடனுக்குடன், திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு வகை. தசைநாரோ குருத்தெலும்போ ஒரு விளிம்பில் உரசித் தாண்டுகிறது என்று பொருள். வலி இல்லாவிட்டால் இதிலும் பயப்பட ஒன்றுமில்லை.

நெட்டி முறித்தால் மூட்டு தேயும் என்று சின்ன வயதில் என் கையில் அடி விழுந்திருக்கிறது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவருக்கும் வீட்டில் இதே எச்சரிக்கைதான் கிடைத்தது. அவர் சுமார் 60 வருடம் இடது கை விரல்களில் மட்டும் தினமும் நெட்டி முறித்தார், வலது கையை விட்டுவிட்டார். 1998-ல் முடிவை எழுதினார். இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. ஒருவரின் கையை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது என்பது உண்மை. ஆனால் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஒடுங்குபவருக்கு அந்த 60 வருடம் ஒரு ஆறுதல்.

வலி தனிக் கதை

எனக்கு இது புரிவதற்கே இரண்டு வருடம் ஆனது. சத்தமும் வலியும் ஒன்றல்ல. சத்தம் வந்து வலி இல்லாமல் இருக்கலாம். அது தொல்லையே இல்லை. சத்தமே இல்லாமல் வலி மட்டும் வரலாம். இரண்டும் சேர்ந்து வந்தால் நாம் உடனே “முறிந்ததால் வலிக்கிறது” என்று முடிச்சுப் போடுகிறோம். உண்மையில் ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் மூட்டு இறுக்கமாக இருக்கிறது, இறுக்கமாக இருப்பதால் அசைக்கும்போது சத்தம் வருகிறது என்பதும் சாத்தியம்தான்.

வலிக்கு மிகப் பொதுவான காரணத்துக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் காஸ்டோகாண்ட்ரைட்டிஸ். விலா எலும்பும் குருத்தெலும்பும் மார்பெலும்பும் சேரும் இடங்கள் நொந்து எரிச்சலடைவது என்று புரிந்துகொண்டால் போதும். பெரும்பாலும் இரண்டாவது முதல் ஐந்தாவது விலா எலும்பு வரை, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், அழுத்தினால் வலிக்கும். வெளியே வீக்கம் தெரியாது. ஆழமாக மூச்சு இழுத்தால், தும்மினால், இருமினால், கையைக் குறுக்கே கொண்டுபோனால் கூடும்.

அதன் தம்பி போல ஒன்று உண்டு. ஒரே ஒரு இடத்தில், பெரும்பாலும் இரண்டாவது அல்லது மூன்றாவது விலா எலும்பில், கையில் தட்டுப்படும்படி வீங்கி வலிக்கும். 1921-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் டீட்சே இதை எழுதிவைத்ததால் அவர் பெயரிலேயே டீட்சே நோய்க்குறி என்கிறார்கள். இது அரிது. புதிதாக ஒரு வீக்கம் தெரிந்தால் நாமே பெயர் சூட்டிக்கொள்ளாமல் காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது, நெஞ்சின் அடி ஓரத்தில் வருவது. எட்டு, ஒன்பது, பத்தாவது விலா எலும்புகள் மேலே உள்ள குருத்தெலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அந்த ஒட்டு தளர்ந்தால் எலும்பின் நுனி நழுவி மேலே உள்ளதன் அடியில் போய் உரசும். குனிந்தாலோ திரும்பினாலோ ‘களுக்’ என்று நழுவும். இதை நழுவும் விலா என்கிறார்கள். வயிற்று வலி என்று நினைத்துப் பல மாதம் அலைபவர்களும் இருக்கிறார்கள்.

எதனால் வருகிறது? பல சமயம் காரணமே தெரியாது. இரண்டு வாரம் விடாமல் இருமியிருப்போம். வீடு மாறும்போது அலமாரியைத் தள்ளியிருப்போம். தேசிய சேவைக்கான உடற்தகுதித் தேர்வான ஐபிபிடிக்குக் கெடு நெருங்கும்போது நம் பையன்கள் வருடம் முழுக்கத் தொடாத தண்டாலைப் பத்து நாளில் எடுத்து முடிக்கப் பார்ப்பார்கள்; அடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார்கள். நாள் முழுக்கக் கணினி முன் தோளை முன்னால் சுருக்கி உட்காருவதும் சேர்ந்துகொள்கிறது.

சரி, கையில் சுளுக்கினால் இரண்டு வாரத்தில் ஆறுகிறது, இது ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது? இங்கேதான் அந்த 21,600 வருகிறது. கையைக் கட்டித் தொங்கவிடலாம், காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். நெஞ்சுக்கு ஓய்வு கொடுக்க மூச்சை நிறுத்தவா முடியும்? போதாததற்குக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் இல்லை, அதனால் ஆறுவதும் மெதுவாகத்தான். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தானாகக் குறைகிறது. சிலருக்கு ஒரு வருடம் வரை இழுக்கும், சிலருக்கு என்னைப் போல வந்து வந்து போகும்.

சுருக்கமாகச் சொன்னால், சத்தம் பெரும்பாலும் குமிழ். வலி நொந்துபோன இணைப்பு. சத்தத்தை வைத்து நோயை அளக்க முடியாது. வலி எங்கே, எப்போது, எதைச் செய்தால் கூடுகிறது என்பதுதான் மருத்துவருக்குப் பயன்படும் செய்தி.

அப்படியானால் வாய்வு?

வாய்வு என்ற சொல்லைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாட்டு மருத்துவத்தில் அதற்குப் பெரிய பொருள் உண்டு. ஆனால் வீட்டில் நாம் சொல்லும் அர்த்தத்தில், வயிற்றுக் காற்று விலா எலும்பின் மூட்டுக்குள் போய் அடைத்துக்கொள்வதில்லை. வயிறு உப்பினால் மேல் வயிறு அழுத்தும். அமிலம் மேலேறினால் மார்பெலும்புக்குப் பின்னால் எரியும். அவை உண்மை. ஆனால் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் அழுத்தினால் வரும் வலியை ஓமத் தண்ணீர் தீர்க்காது.

எனக்குக் கவலை அதுவல்ல. வாய்வு என்று சொல்லி உண்மையான மாரடைப்பை வீட்டிலேயே வைத்திருப்பதுதான். என் பெரியப்பா ஒரு தீபாவளிக்கு மறுநாள், “பலகாரம் சாப்பிட்டது ஒத்துக்கல” என்று காலையிலிருந்து பிற்பகல் வரை ஓமத் தண்ணீரும் வெந்நீருமாகக் குடித்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. மின்விசிறியை வேகமாக வைக்கச் சொன்னார். நாங்களும் வைத்தோம். ஆம்புலன்சை அழைத்தபோது மணி நான்கு. அவர் திரும்பி வரவில்லை. அடுத்த பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

எப்போது 995 (ஆம்புலன்ஸ் எண்)?

நெஞ்சின் மேல் பாரம் வைத்தது போல அழுத்தம், இறுக்கம். கை, தோள், தாடை, முதுகு என்று பரவும் வலி. குப்பென்று வியர்வை, மூச்சுத் திணறல், குமட்டல், தலைசுற்றல். படியேறும்போதோ வேகமாக நடக்கும்போதோ வந்து, நின்றால் குறையும் வலி. இவற்றில் எது இருந்தாலும், முக்கியமாகச் சில நிமிடங்களுக்கு மேல் நீடித்தால், 995-ஐ அழையுங்கள். டாக்சி பிடித்துப் போகலாம் என்று கீழே இறங்க வேண்டாம். ஆம்புலன்சில் வருபவர்கள் வந்த இடத்திலேயே இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள். இசிஜி என்பது இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் வரைந்து காட்டும் சோதனை.

நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மாரடைப்பு இப்படிப் பாடப்புத்தகம் போல வராமல், வெறும் களைப்பாகவோ மூச்சு வாங்குவதாகவோ வயிற்றுக் கோளாறாகவோ வரலாம். நம் இந்தியச் சமூகத்தில் இதய நோய் அதிகம், இளம் வயதிலேயே வருவதும் அதிகம். “எனக்கு நாற்பதுதானே” என்ற தைரியம் நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. அழுத்தினால் வலிக்கிறது, ஆகவே இதயம் இல்லை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். அழுத்தினால் வலிப்பது சுவர் பக்கம் சாய்கிற ஒரு அடையாளம், அவ்வளவுதான். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவருக்கே இருக்கலாம். முதல் தடவை வருகிற நெஞ்சு வலியை நாமே தீர்மானிக்கக் கூடாது.

நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு கால் வீங்கி நெஞ்சு வலித்தால், காய்ச்சலும் சளியுமாக வலித்தால், சட்டென்று ஒரு பக்கம் குத்தி மூச்சு விட முடியாமல் போனால், இவையெல்லாம் நுரையீரல் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். உடனே போக வேண்டும். ஒரு பக்கமாகப் பட்டை போல எரிந்து, சில நாளில் கொப்புளம் தெரிந்தால் அது அக்கி.

பைபாஸ் போன்ற திறந்த இதய அறுவைக்காக மார்பெலும்பைப் பிளந்து கம்பியால் கட்டியவர்களுக்கு, இந்தக் கட்டுரையில் நான் சொன்ன ஆறுதல் எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு நெஞ்சில் ‘டக் டக்’ என்று கேட்டால், எலும்பு சரியாகக் கூடவில்லை என்ற அடையாளமாக இருக்கலாம். அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே சொல்ல வேண்டும்.

டாக்டர் என்ன பார்ப்பார்?

பலதுறை மருந்தகத்துக்கோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போனால் முதலில் இதயத்தை விலக்கப் பார்ப்பார்கள். இசிஜி எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் மருத்துவமனைக்கு அனுப்பி டிரோபோனின் ரத்தச் சோதனை செய்வார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கலக்கும் புரதம் அது. பிறகு விரலால் ஒவ்வொரு விலா எலும்பாக அழுத்திப் பார்ப்பார்கள். “இதேதான், இதே வலிதான்” என்று நீங்கள் துள்ளினால் அதுவே பாதிப் பதில். காஸ்டோகாண்ட்ரைட்டிஸைக் காட்டிக்கொடுக்கும் ரத்தச் சோதனை எதுவும் கிடையாது. எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு சரியாகத் தெரியாது. அதனால் எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால் உங்கள் வலி பொய் என்று அர்த்தமில்லை. இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் தூங்கியிருப்பேன்.

காலையில் எழுந்ததும் முதுகு அரைமணி நேரத்துக்கு மேல் விறைத்திருந்தால், மற்ற மூட்டுகளும் வீங்கினால், தோலில் சொரியாசிஸ் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதுகெலும்பைப் பிடிக்கும் சில மூட்டுவாதங்கள் நெஞ்சு மூட்டையும் பிடிக்கும்.

இதோடு வாழ்வது

இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இந்தப் பகுதி.

முதலில் அந்தப் பழக்கம். நெஞ்சு இறுக்கமாக இருக்கும், இரண்டு கையையும் பின்னால் இழுத்து நெஞ்சை முன்னால் தள்ளினால் ‘டக்’ என்று விழும், உடனே ஒரு சுகம். அந்தச் சுகம் உண்மைதான். ஆனால் அரைமணி நேரத்தில் இறுக்கம் திரும்பி வரும், மறுபடி கை பின்னால் போகும். நான் எம்ஆர்டி ரயிலில் நின்றபடி ஒரு நாளைக்கு இருபது முறை இழுத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. தானாக வரும் சத்தத்தால் கெடுதல் இல்லை. நொந்திருக்கும் மூட்டை வேண்டுமென்றே நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தால் அது ஆறுவது எப்படி? புண்ணின் பொருக்கைப் பிய்த்துக்கொண்டே இருப்பது போலத்தான். கை தன்னால் பின்னால் போகும்போது இரண்டு தோளையும் மெல்லக் கீழே இறக்கி, மூன்று மூச்சு மெதுவாக விடுவது என்று மாற்றிக்கொண்டேன். பழக ஒரு மாதம் ஆனது. வலி குறைந்ததில் பெரிய பங்கு இதற்குத்தான் என்று நம்புகிறேன்.

அடுத்து மூச்சு. வலிக்கும் என்ற பயத்தில் நாம் மேல் நெஞ்சால் மட்டும் குட்டிக் குட்டி மூச்சாக விடுகிறோம். அதனால் கழுத்துத் தசையும் நெஞ்சுத் தசையும் கூடுதலாக உழைத்து இன்னும் இறுகுகின்றன. இறுகினால் வலி, வலித்தால் பயம், பயந்தால் இன்னும் குட்டி மூச்சு. இந்த வட்டத்தை உடைக்க, மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கையை வைத்து, அந்தக் கை எழும்படி மூச்சு இழுத்துப் பாருங்கள். வலியின் எல்லைக்குள் மட்டும் போதும்.

தசையைத் தளர்த்த ஒரு எளிய பயிற்சி: கதவு நிலையில் இரண்டு முன்னங்கைகளையும் வைத்து, ஒரு காலை முன்னால் வைத்து, நெஞ்சு லேசாக விரியும் வரை சாய்ந்து, இருபது முப்பது எண்ணும் வரை நிற்பது. ‘லேசாக’ என்பதுதான் முக்கியம். வலி கடுமையாக இருக்கும் நாளில் வேண்டாம். முதுகின் மேல் பகுதி விறைத்திருந்தால் வாளிக் கைப்பிடியின் பின் கொக்கி அசையாது, முன் கொக்கிதான் எல்லாவற்றையும் தாங்கும். அதனால் இயன்முறை மருத்துவர்கள் பலர் நெஞ்சு வலிக்கு முதுகையும் சேர்த்து அசைக்கச் சொல்வார்கள்.

ஜிம் போகிறவர்கள் படுத்து எடை தூக்குவதையும், இரு கம்பிகளுக்கு நடுவே உடம்பைத் தாழ்த்தி ஏற்றுவதையும் சில வாரம் நிறுத்த வேண்டும். நடக்கலாம், கால் பயிற்சி செய்யலாம். திரும்பத் தொடங்கும்போது பாதி எடையில் தொடங்குங்கள். குழந்தையை ஒரே பக்கம் இடுப்பில் வைத்துச் சுமப்பதும், கனமான பையை ஒரே தோளில் மாட்டுவதும் இதே கணக்கில் வரும்.

மருந்து என்றால், பனடோல் (பாராசிட்டமால்) கொஞ்சம் தணிக்கும். ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிலருக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் கேட்காமல் எடுக்கக் கூடாது. இங்கே டெங்கிக் காய்ச்சல் இருப்பதால் இன்னொரு எச்சரிக்கை: காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் அந்த மாத்திரையைத் தொடாதீர்கள். டெங்கியாக இருந்தால் ரத்தக் கசிவு கூடும். வலிக்கும் இடத்தில் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் பற்றி மருந்தாளரிடம் கேட்கலாம். அம்மாவின் கோடாலித் தைலத்தை நான் இன்னும் தேய்க்கிறேன். அந்தக் குளிர்ச்சியும் மணமும் வலியிலிருந்து மனதைத் திருப்புகின்றன. மூட்டை அது குணப்படுத்துவதில்லை என்று தெரிந்துதான் தேய்க்கிறேன். வெந்நீர்ப் பை பத்து நிமிடம் வைத்தால் தசை தளர்கிறது.

பயம்தான் கடைசிவரை கூட வருவது. இரவு இரண்டு மணிக்குச் சுருக்கென்றால், ஏழு வருடத்துக்குப் பிறகும் என் கை நெஞ்சுக்குத்தான் போகிறது. அப்போது மூன்று கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இது பழைய இடமா? பழைய மாதிரி வலியா? வியர்வையோ மூச்சு வாங்குவதோ புதிதாக ஏதாவது இருக்கிறதா? பழைய இடம், பழைய வலி, வேறொன்றும் இல்லை என்றால் புரண்டு படுத்துக்கொள்கிறேன். ஒன்று மாறியிருந்தாலும் மனைவியை எழுப்புவது என்று இருவரும் பேசிவைத்திருக்கிறோம். ஒருமுறை எழுப்பியும் இருக்கிறேன். ஆம்புலன்ஸ் வந்தது, இசிஜி நன்றாக இருந்தது, மருத்துவமனையில் சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு விடியற்காலையில் அனுப்பினார்கள். வீணாக அழைத்துவிட்டோமே என்று நான் சொன்னபோது, அங்கிருந்த தாதி என் போர்வையைச் சரிசெய்தபடி, “அடுத்த தடவையும் கூப்பிடுங்க அண்ணே” என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கழிக்கு ஆறு துணிதான் போடுகிறேன், முன்பு பன்னிரண்டு போடுவேன். நனைந்த துண்டுகளும் ஜீன்ஸும் உள்ளே மடக்கு ஸ்டாண்டில் காய்கின்றன. கழியைத் தூக்கும் முன் சன்னலை நேராகப் பார்த்து நின்று, தோளைத் திருப்பாமல் காலை நகர்த்திச் செருகுகிறேன். அம்மா இன்னமும் பின்னால் வெங்காயம் நறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கழிக்கும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.